கடலூரிலிருந்து யூட்டா கேன்யன் பகுதிக்குத் தனியாகக் கார் பயணம் (அக்டோபர்): தண்ணீர், சாலை, ஸ்லாட் நடை பற்றிக் கேள்விகள்

கெடிலக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் முதல் பாதியில் பத்து நாள் தெற்கு யூட்டா போகிறேன். தனி ஆள், வாடகைக் கார். லாஸ் வேகாஸில் இறங்கி சயான், பிரைஸ், எஸ்கலான்டே, கேபிட்டல் ரீஃப், மோவாப் வழியாக சால்ட் லேக் சிட்டியில் காரை விடுவதாக உத்தேசம். விசா கையில் இருக்கிறது.

லைசென்ஸ் விஷயத்தில் என்ன செய்ய வேண்டும்? எஸ்கலான்டே பக்கத்து ஹோல்-இன்-த-ராக் சாலையில் சாதாரண கார் போகுமா? அங்கிருக்கும் பீக்-அ-பூ, ஸ்பூக்கி ஸ்லாட்டுகளை (குறுகிய பாறை இடுக்குகள்) தனி ஆளாகச் செய்யலாமா? கடைசியாகத் தண்ணீர். கடலூர் மே மாத வெயிலில் நடந்து பழகிய உடம்புக்கு அக்டோபர் பாலைவனம் பெரிய விஷயமா என்ன?

வில்லியனூர் வண்டி:
லைசென்ஸ் சுலபம். பரிவாகன் சாரதி தளத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிக்கு (ஐடிபி) விண்ணப்பியுங்கள். படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய், ஓராண்டு செல்லும். பாஸ்போர்ட், விசா, லைசென்ஸ் நகல்கள் வேண்டும். டிஎன்31 என்றால் கடலூர் ஆர்டிஓ, பிஒய்01 என்றால் புதுச்சேரி, தளம் ஒன்றுதான். ஐடிபி மட்டும் தனியாகச் செல்லாது, அசல் லைசென்ஸ் அட்டையும் கூடவே இருக்க வேண்டும்.

காரை எடுக்கும் இடத்தில் உங்கள் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். டெபிட் கார்டை நம்பிப் போகாதீர்கள். ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் விட்டால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. முன்பதிவின்போதே மொத்தத் தொகையைப் பாருங்கள்.

பெட்ரோல் பங்க்கில் நம் கார்டைச் செருகினால் இயந்திரம் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு கேட்டு நிராகரிக்கும். கவுண்ட்டருக்குப் போய், எந்தப் பம்ப் என்று எண்ணைச் சொல்லி முன்பணம் கட்டுங்கள். மீதி கார்டுக்குத் திரும்பிவிடும். பல பங்க்குகளில் டீசல் குழாய்க்குத்தான் பச்சைப் பிடி, அதைக் காருக்குள் விடாதீர்கள். யூட்டாவில் 'ரெகுலர்' 85 ஆக்டேன் என்று இருக்கும். காரின் கையேட்டில் 87 போட்டிருந்தால் அதற்கடுத்த ரகத்தைப் போடுங்கள். டேங்க் பாதி ஆனதும் நிரப்புவது நல்ல வழக்கம். மோவாப் விட்டு மேற்கே ஐ-70 நெடுஞ்சாலையில் திரும்பினால் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் நடுவே சுமார் 170 கி.மீ. ஒரு பங்க்கும் கிடையாது.

ஓட்டும் முறையில் நம்மவர் தடுமாறுவது வலப்பக்கம் ஓட்டுவதில் அல்ல, அது அரை மணியில் பழகிவிடும். நான்கு பக்கமும் 'ஸ்டாப்' பலகை உள்ள சந்திப்பில்தான். ஆளே இல்லாவிட்டாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். மாலை மங்கிய பிறகு நெடுஞ்சாலை 12இல் மான் குறுக்கே வரும், வேலியில்லா மேய்ச்சல் பகுதியில் மாடு சாலையிலேயே நிற்கும். இருட்டும் முன் ஊர் சேரும்படி நாளைத் திட்டமிடுங்கள்.

மணக்குள வீதி:
கட்டணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2026 ஜனவரி 1 முதல் வெளிநாட்டவருக்குத் தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு பாஸ் 250 டாலர். அது இல்லாமல் சயான், பிரைஸ் உள்ளிட்ட 11 பூங்காக்களுக்குள் போனால் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர். சயான், பிரைஸ் இரண்டுக்கு மட்டுமே 200, அதோடு வண்டிக்கு 35 வீதம் 70. அங்கேயே 270 ஆகிவிட்டது. ஆக பாஸ் வாங்குவதுதான் லாபம். ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ், கேபிட்டல் ரீஃப் மூன்றும் அதிலேயே அடங்கும்.

சயானில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் குன்று ஏற 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கல் அனுமதி வேண்டும். முந்தைய நாளே விண்ணப்பிக்கும் குலுக்கலும் இருக்கிறது. 'வேவ்' என்ற அலை வடிவப் பாறைக்கு நாளொன்றுக்கு 64 பேருக்குத்தான் அனுமதி. அதை நடுவில் வைத்துப் பயணத்தைக் கட்டாதீர்கள், கிடைத்தால் போங்கள்.

தெற்கே ஆண்டிலோப் கேன்யனையும் சேர்ப்பதாக இருந்தால் நேரக் குழப்பம் ஒன்று உண்டு. பேஜ் ஊர் அரிசோனாவில் இருக்கிறது, அரிசோனா கோடை நேரத்துக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அக்டோபரில் யூட்டா கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடும். முன்பதிவு பேஜ் நேரப்படி.

உப்பனாறு:
//கடலூர் மே மாத வெயிலில் நடந்து பழகிய உடம்புக்கு//

தம்பி, இந்த நம்பிக்கைதான் எனக்குப் பயம். நம் கடற்கரையில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை உலராமல் சொட்டும், சட்டை ஒட்டும், ஐயோ தண்ணீர் போகிறதே என்று கண்ணுக்கே தெரியும். அங்கே காற்று காய்ந்து கிடக்கும். வியர்வை தோலுக்கு வந்த நொடியில் ஆவியாகிவிடும். சட்டை உலர்ந்தே இருக்கும், முதுகில் உப்புக் கோடு மட்டும் படியும். 24 டிகிரிதானே, சுகமாக இருக்கிறதே என்று நடப்பீர்கள். தாகம் தாமதமாகத்தான் தெரியும், அதற்குள் ஒன்றரை லிட்டர் போயிருக்கும். வெயிலைத் தாங்குவது வேறு, நீர் இழப்பைக் கவனிப்பது வேறு. நம் ஊர்ப் பழக்கம் முதலாவதற்கு உதவும். இரண்டாவதில் அது ஏமாற்றும்.

கணக்கு இப்படி: சமதள நடைக்கு மணிக்கு அரை லிட்டர், மணலிலோ ஏற்றத்திலோ வெயில் பட நடந்தால் முக்கால் முதல் ஒரு லிட்டர். ஆறு மணி நேர நடைக்கு நாலரை லிட்டர் முதுகில் இருக்க வேண்டும். நாலரை கிலோ சுமைதான், குறைக்காதீர்கள். இது போகக் காரில் எப்போதும் 20 லிட்டர். முதல் நாளே ஏதாவது சூப்பர் மார்க்கெட்டில் ஒரு கேலன் கேன் (3.8 லிட்டர்) ஐந்தாறு வாங்கிப் பின்சீட்டின் காலடியில் வையுங்கள், டிக்கியில் உருண்டால் மூடி கழன்றுவிடும்.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலி, குமட்டல், விரல்கள் உப்பி மோதிரம் இறுகுவது. நீரிழப்பிலும் தலைவலி வரும் என்பதால் ஆட்கள் குழம்பி இன்னும் தண்ணீர் குடிப்பார்கள். பிரித்தறிய ஒரு வழி: நிறையக் குடித்திருக்கிறீர்கள், சிறுநீர் நிறமில்லாமல் அடிக்கடி போகிறது, அப்படியும் தலைவலி என்றால் தண்ணீரை நிறுத்தி உப்பானதைச் சாப்பிட்டு நிழலில் உட்காருங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகி, போவதும் குறைந்திருந்தால் அது நீரிழப்பு. மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலம் பத்து எடுத்துப் போங்கள். ஒரு லிட்டருக்கு ஒன்று. பாதியாக்கி அரை லிட்டரில் கலப்பதானால் பொட்டலத்தையும் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும், கண் மதிப்பில் கொட்டக் கூடாது. மூன்று பாட்டில் தண்ணீருக்கு ஒரு பாட்டில் ஓஆர்எஸ் சரியான விகிதம்.

இரவுக் குளிரையும் மறக்காதீர்கள். பிரைஸ் விளிம்பு 2,400 மீட்டருக்கு மேல். அக்டோபரில் உறைநிலைக்குக் கீழே போவது அங்கே சாதாரணம். உதடும் மூக்கும் வெடிக்கும். வாசலின் ஒரு டப்பா சட்டைப் பையில் இருக்கட்டும்.

செம்மண் மேடு:
ஸ்லாட் பற்றி நான் எழுதுகிறேன். விஷயம் பெரியது, பொறுமையாகப் படியுங்கள்.

ஸ்லாட் என்றால் மணற்பாறையைத் தண்ணீர் அறுத்த இடுக்கு. ஆழம் பத்து, இருபது, முப்பது மீட்டர் இருக்கும், அகலம் கையை விரித்தால் இரு சுவரும் படும் அளவு. வழுவழுப்பான பாறை, மண் கிடையாது. பெய்த மழையில் பெரும்பங்கு உறிஞ்சப்படாமல் ஓடிவரும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் அப்பால் பெய்த மழை முழுதும் அந்த இடுக்குக்குள் நுழையும்போது, நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் நீலமாக இருக்கலாம்.

கடலூர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். 2024 டிசம்பரில் புயல் மழை இங்கே ஓய்ந்த பிறகுதானே தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது? சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி. தலைக்கு மேல் உள்ள வானத்தைப் பார்த்து ஆற்றை அளக்க முடியாது. ஸ்லாட்டில் அணை இல்லை, முன்னறிவிப்புச் சங்கு இல்லை, ஏறி நிற்கக் கரையும் இல்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று ஆண்டிலோப் கேன்யனில் 11 பேர் இறந்தார்கள். இடி மழை பெய்தது பல கிலோமீட்டர் மேலே. 2015 செப்டம்பர் 14 அன்று சயானின் கீஹோல் கேன்யனில் 7 பேர்.

அதனால் செய்ய வேண்டியது: நடக்கப்போகும் ஸ்லாட்டின் நீர்ப்பிடிப்புப் பகுதியை முதலில் வரைபடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அது மேலே எந்த மேட்டுநிலம் வரை போகிறது என்று பார்த்து, அந்த மேட்டுநிலத்துக்கான வானிலையைப் படியுங்கள், ஊருக்கானதை அல்ல. அமெரிக்க தேசிய வானிலை சேவை இந்தப் பூங்காக்களுக்கு அன்றன்றைய திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு படியாக வெளியிடுகிறது: எதிர்பார்க்கவில்லை, சாத்தியம், அநேகமாக வரும், நிச்சயம் எதிர்பார்க்கிறோம். முதல் படி அல்லாத எந்த நாளிலும் தனி ஆள் ஸ்லாட்டுக்குள் போகக் கூடாது, இதில் பேரம் இல்லை. அக்டோபரில் கோடை இடிமழைக் காலம் முடிந்திருக்கும், ஆபத்து குறைவு. ஆனால் பசிபிக் புயலின் எச்சம் உள்ளே வரும் வருடங்கள் உண்டு.

உள்ளே இருக்கும்போது தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, குச்சியும் சருகும் மிதந்து வந்தாலோ, காற்று இல்லாமல் இரைச்சல் கேட்டாலோ திரும்பி ஓட நினைக்க வேண்டாம், மேலே ஏறுங்கள். நான்கு மீட்டர் உயரத் திட்டு உயிரைக் காப்பாற்றலாம். போகிற வழியிலேயே இப்படிப்பட்ட திட்டு எங்கெங்கே என்று பார்த்துக்கொண்டே போவது பழக்கமாக வேண்டும்.

சயான் நாரோஸ் ஆற்று நடைக்கு வேறு அளவுகோல். வெர்ஜின் ஆறு விநாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் பூங்காவே பாதையை மூடிவிடும். நம் அணைச் செய்திகளில் ஆயிரக்கணக்கில் கேட்டுப் பழகிய காதுக்கு 150 அற்பமாகத் தோன்றும். ஆறேழு மீட்டர் இடுக்கில் அது இடுப்பு வரை தள்ளும் தண்ணீர்.

கெடிலக்கரை:
மிக்க நன்றி அண்ணா, உப்பனாறு ஐயா. அப்படியென்றால் ஸ்பூக்கியைத் தனியாகச் செய்யலாமா, கூடாதா? வில்லியனூர் அண்ணா அந்தச் சாலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

வில்லியனூர் வண்டி:
சாலை இது: எஸ்கலான்டே ஊரிலிருந்து கிழக்கே 8 கி.மீ. போனதும் வலதுபக்கம் பிரிகிற மண் சாலை. பீக்-அ-பூ, ஸ்பூக்கிக்கான டிரை ஃபோர்க் நடை தொடங்கும் இடத்துக்குத் திரும்பும் பிரிவு சுமார் 42 கி.மீ. உள்ளே. காய்ந்திருந்தால் குழி இல்லை, ஆனால் முழுக்க அலை அலையாக வரிமேடு. அதில் 40 கி.மீ. வேகத்துக்கு மேல் போனால் பின்சக்கரம் தரையை விட்டுத் துள்ளித் துள்ளி, வளைவில் வண்டி பக்கவாட்டில் நழுவும். இப்படி உதறுகிறதே என்று வேகம் கூட்டாதீர்கள். டயர் காற்று கதவு ஓரத்து ஸ்டிக்கரில் 35 என்றிருந்தால் 28க்கு இறக்கினால் உதறல் குறையும். திரும்பி வந்து ஏற்ற 12 வோல்ட் பம்ப் வேண்டும், அங்கேயே கடைகளில் கிடைக்கும்.

ஈரமானால் கதையே வேறு. அந்தக் களிமண் டயர் வரிப்பள்ளங்களை அடைத்து வழுக்கும். நான்கு சக்கர இயக்கமும் உதவாது. மழை பெய்தால் காரை நிறுத்திவிட்டு மண் காயும் வரை காரிலேயே காத்திருப்பதுதான் சரி, அது ஒரு நாள்கூட ஆகலாம். 20 லிட்டர் தண்ணீர் எதற்கு என்று இப்போது தெரிகிறதல்லவா?

ஆனால் முக்கியமானது ஒப்பந்தம். பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் தார் போடாத சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று எழுதியிருக்கும். பஞ்சர் ஆனாலும் இழுவை வண்டிக்கு முழுப் பணமும் உங்கள் கையிலிருந்து. காரை எடுக்கும்போதே டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கள்: பல புதிய கார்களில் ஸ்டெப்னியே இருக்காது, ஒரு பசைப் பாட்டிலும் காற்று பம்பும்தான். பக்கச் சுவர் கிழிந்தால் அந்தப் பசை ஒன்றுக்கும் ஆகாது. ஸ்டெப்னி உள்ள வண்டியைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

லாஸ்பேட்டை நடை:
வில்லியனூர் சொல்வதில் ஒரு சின்ன மறுப்பு. அந்தச் சாலையில் முதல் 19 கி.மீ.யில் டெவில்ஸ் கார்டன் என்ற பாறைப் பகுதி இருக்கிறது. காய்ந்த நாளில் சாதாரண கார்கள் அதுவரை நிறையவே போகின்றன. முழுக்க ஒதுக்க வேண்டியதில்லை.

வில்லியனூர் வண்டி:
போகின்றன, மறுக்கவில்லை. ஒப்பந்தம் 19 கி.மீ., 42 கி.மீ. என்று பிரித்துப் பார்ப்பதில்லை என்பதுதான் என் கவலை. மோவாப் போன்ற ஊர்களில் மண் சாலைக்கென்றே ஜீப் வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு நாள் அதை எடுத்தால் மனம் நிம்மதி.

செம்மண் மேடு:
ஸ்பூக்கி கேள்விக்கு வருகிறேன். பீக்-அ-பூவில் ஏறி, ஸ்பூக்கியில் இறங்குவதே வழக்கமான திசை. பீக்-அ-பூ வாசலில் மூன்று நான்கு மீட்டர் செங்குத்து, கால்வைக்கச் செதுக்கிய குழிகள் உண்டு. ஸ்பூக்கி சில இடங்களில் 25 செ.மீ.தான், பையைக் கழற்றித் தலைக்கு மேலோ காலால் தள்ளியோ கொண்டுபோக வேண்டும். உள்ளே பெரிய பாறைகள் சிக்கிய ஒரு இறக்கம் இருக்கிறது. இரண்டு பேர் போனால் ஒருவர் தோள் கொடுப்பார். தனி ஆளுக்கு அது இல்லை.

தனி நடைக்கு ஒரே விதி: திரும்ப ஏற முடியாத இடத்தில் சறுக்கி இறங்காதே. இறங்குவதற்கு முன் ஒரு முறை அரைவாசி இறங்கித் திரும்ப ஏறிப் பார்க்க வேண்டும். மணற்பாறையில் ஏறுவது எளிது, இறங்குவது கடினம். கால் வைக்கும் இடம் தெரியாது, பாறைத்துகள் உருளும். மழைக்குப் பிறகு ஈரமான மணற்பாறைக்கு வலு குறைவு, பிடித்த விளிம்பு கையோடு வந்துவிடும்.

காலை ஒன்பதுக்குள் அங்கே மற்ற ஆட்களும் வருவார்கள், அவர்களோடு சேர்ந்து போகலாம். இல்லையென்றால் தார்ச் சாலை ஓரத்திலேயே தனி ஆளுக்குத் தோதான நடைகள் இருக்கின்றன. கேபிட்டல் ரீஃபில் கிராண்ட் வாஷ், ஒரு வழி 3.5 கி.மீ., ஏற்றம் மிகக் குறைவு, நடுவில் சுவர் நெருங்கும் (இதுவும் வெள்ள வழிதான், மேலே சொன்ன வானிலை விதி பொருந்தும்). நெடுஞ்சாலை 12 ஓரம் லோயர் கால்ஃப் கிரீக் அருவி, போய்வர சுமார் 10 கி.மீ., அருவி 38 மீட்டர். பாதை நெடுக மணல், நேரம் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லாஸ்பேட்டை நடை:
மணல் என்றதும் சொல்லத் தோன்றியது: பயிற்சிக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையைவிட நல்ல இடம் இல்லை. ஈர மணலில் அல்ல, மேலே உள்ள காய்ந்த மணலில், ஆறு கிலோ பையோடு, வாரத்துக்கு மூன்று நாள் ஒரு மணி நேரம். கெண்டைக்கால் தயாராக ஆறு வாரம் ஆகும். இறக்கப் பயிற்சிக்குச் செஞ்சி ராஜகிரி. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் பற்றிய உண்மை தெரியும். செஞ்சி கருங்கல் என்பதால் பாறைப் பிடிப்பை மட்டும் அங்கே கற்றுக்கொள்ள முடியாது.

திசைகாட்டி எடுத்துப்போனால் காந்த விலகலை மாற்றி வையுங்கள். நம் ஊரில் அது மிகக் குறைவு, கண்டுகொள்ளாமலே நடக்கலாம். தெற்கு யூட்டாவில் கிழக்கே சுமார் 10 பாகை. ஒரு கிலோமீட்டருக்கு 175 மீட்டர் தள்ளிப் போய்விடுவீர்கள். சின்னச் சின்னக் கற்குவியல்கள் வழியைக் காட்டும், ஆனால் சும்மா அடுக்கியவையும் உண்டு. ஒன்றிலிருந்து அடுத்தது கண்ணுக்குத் தெரியாவிட்டால் நின்று வரைபடத்தைப் பாருங்கள். கறுத்து மொறுமொறுவென்று இருக்கும் மண் மேலோட்டை மிதிக்காதீர்கள். அது உயிருள்ளது, ஒரு காலடித் தடம் ஆற பல்லாண்டுகள் ஆகும். பாறை மேலோ ஓடைப் படுகையிலோ மட்டும் நடங்கள்.

எஸ்கலான்டேயில் கல்மரப் பூங்கா ஒன்று இருக்கிறது, நம் திருவக்கரை கல்மரங்களைப் பார்த்தவர்கள் கட்டாயம் நிற்க வேண்டும். துண்டு எதையும் எடுக்கக் கூடாது.

உப்பனாறு:
இரண்டு சாமான் விஷயம் விட்டுப்போனது.

ஓடைத் தண்ணீர் எடுக்க நேர்ந்தால் அது வண்டலாக இருக்கும், நேராக வடிகட்டியில் விட்டால் பத்து நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். படிகாரத் தூள் 4 லிட்டருக்குக் கால் டீஸ்பூன் போட்டுக் கலக்கி அரை மணி வைத்தால் வண்டல் அடியில் இறங்கும். மேல் நீரை மட்டும் வடிகட்டுங்கள். படிகாரம் கிருமியைக் கொல்லாது, வடிகட்டியோ குளோரின் மாத்திரையோ பிறகும் வேண்டும். தேத்தாங்கொட்டை எடுத்துப்போக ஆசைப்படாதீர்கள், விதை என்று சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள். அரிசி, கொண்டைக்கடலையும் பயணி மூட்டையில் அனுமதி இல்லை. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி போன்றவை இருந்தால் சுங்கத்தில் உணவு உண்டு என்று சொல்லிவிடுங்கள்.

மணக்குள வீதி:
சிக்னல் பற்றி யாரும் எழுதவில்லையே. எஸ்கலான்டே தாண்டினால் பெரும்பாலும் கைபேசிக்கு உயிர் இருக்காது. செயற்கைக்கோள் செய்திக் கருவியை அங்கேயே வாடகைக்கு எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுங்கள். வாங்கி ஊருக்குக் கொண்டுவராதீர்கள்: தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்திலேயே பிடித்த வழக்குகள் உண்டு. ஐபோன் 14, அதற்குப் பிந்தையவற்றில் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி வசதி இருக்கிறது, ஆனால் அதற்குத் திறந்த வானம் வேண்டும். ஸ்லாட்டுக்குள் இரண்டுமே வேலை செய்யாது.

கெடிலக்கரை:
அப்படியானால் உள்ளே மாட்டிக்கொண்டால் யாருக்கு எப்படித் தெரியும்? வீட்டில் அம்மாவிடமும் அக்காவிடமும் என்ன சொல்லிவிட்டுப் போவது?

செம்மண் மேடு:
2003 ஏப்ரலில் புளூ ஜான் கேன்யனில் ஆரான் ரால்ஸ்டன் என்ற மலையேறி கை பாறைக்கடியில் சிக்கி ஐந்து நாள் கிடந்தார். எங்கே போகிறார் என்று ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. அதனால் இதை எழுத்திலேயே அக்காவிடம் கொடுங்கள்.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி: நடை தொடங்கும் இடத்தின் பெயர், அட்சரேகை தீர்க்கரேகை, காரின் நிறமும் எண்ணும், எந்த மணிக்கு வெளியே வருவேன், எந்த மணிக்குள் செய்தி வராவிட்டால் அழைக்க வேண்டும். இரண்டு மணிகளுக்கும் நடுவே மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள், பஞ்சர் ஆனாலே அவ்வளவு ஆகும். அக்டோபரில் யூட்டா நேரத்தோடு பதினொன்றரை மணி கூட்டினால் நம் நேரம். அங்கே மாலை 5க்கு வெளியே வருவதாக இருந்தால் இரவு 8 கெடு. கடலூரில் அது மறுநாள் காலை 7.30. அக்கா விழித்திருக்கும் நேரம்தான், நல்லது.

இங்கிருந்து 911 (அமெரிக்க அவசர எண்) அடித்தால் அங்கே போகாது. அந்தந்த கவுண்டி (மாவட்டம் போன்றது) ஷெரிஃப் (காவல்) அலுவலகத்தின் நேரடி எண்ணை +1 சேர்த்து அதே தாளில் எழுதுங்கள், கிளம்பும் முன் ஒரு முறை இங்கிருந்து அழைத்து இணைப்பு கிடைக்கிறதா என்றும் பாருங்கள். எஸ்கலான்டே ஊர் கார்ஃபீல்ட் கவுண்டி. ஹோல்-இன்-த-ராக் சாலையின் தென்பகுதி கேன் கவுண்டிக்குள் போய்விடும், அதனால் அந்த நாளுக்கு இரண்டு எண்களும் வேண்டும். தாளின் இன்னொரு நகலை நடை தொடங்கும் இடத்தில் காரின் இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டுப் போங்கள், கண்ணாடியில் ஒட்ட வேண்டாம். கார் காலியாக இருக்கிறது என்று திருடனுக்கும் அது சொல்லும்.